மேசைக்கு வந்த மரியாதை

மதியம் மணி அடித்ததும் எங்கள் தையல் கூடத்தில் மெஷின்கள் நிற்கும். அந்த அமைதி ஒரு நிமிடம்கூடத் தாங்காது. மாஸ்டர் ஆரம்பித்துவிடுவார். மாஸ்டர் என்றால் துணி வெட்டுகிறவர். ஜன்னலோர மேசையில் அவரும் எலக்ட்ரீஷியனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மேசையின் கோடியில், பித்தான் தைக்கிற நான். வாய் திறக்காதவள் என்பதால் இருவரும் என்னையும் ஒரு நாற்காலியாகவே நினைத்தார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

மாஸ்டருக்கு ஆளுங்கட்சி, எலக்ட்ரீஷியனுக்கு எதிர்க்கட்சி. மாஸ்டர் எதைத் தின்றாலும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வார். எலக்ட்ரீஷியனுக்குப் புளிப்பு ஆகாது, காரம் வேண்டும். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவைத்து, தின்றுவிட்டுத் திட்டுவார்கள்.

“என்னடா இது, உருளைக்கிழங்கா தீக்குச்சியா?” என்பார் மாஸ்டர்.

“உன் கீரைக்கு இது தேவலாம்யா. அது உங்க பிரதமர் பேச்சு மாதிரியே இருக்கு. கொழகொழன்னு நிறைய இருக்கு, மென்னா ஒண்ணுமில்ல.”

“அவர் பேசாமலா உன் தலைவரு ரெண்டு தடவை மண்ணக் கவ்வுனாரு?”

இப்படியே போகும். யாரும் யாரையும் மாற்றியதில்லை. மாற்றுகிற எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாஸ்டர் கூடத்துக்கு மேலே, வெட்டும் அறையை ஒட்டிய சின்ன அறையில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரிடம் பழம் கேட்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பேச்சு ரயிலுக்குப் போனது.

“எங்க ஆளுங்க வந்தப்புறம்தான்டா ரயில் நேரத்துக்கு வருது.”

“வந்து உனக்கென்ன? ஏறிப் போய்ப் பார்க்க உனக்கு யாருய்யா இருக்கா?”

மாஸ்டர் டப்பாவை மூடினார். எலக்ட்ரீஷியன் கை கழுவப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

அப்போது மாஸ்டர் இந்த நாற்காலியிடம் பேசினார். “நாந்தான்மா ஓவரா வாயாடிட்டேன். அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா எனக்கு வேற யாரு இருக்கா? இனிமே கொஞ்சம் மரியாதையாப் பேசணும்.”

மறுநாள் மாஸ்டர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். எலக்ட்ரீஷியன் நிறையக் காரம் போட்ட முட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மாஸ்டர் ஒரு வாய் தின்றார். கண்ணில் நீர் முட்டியது.

“நல்லா இருக்குங்க,” என்றார். “யோசிச்சுப் பார்த்தேன். நேத்து நீங்க சொன்னதும் சரிதாங்க.”

எலக்ட்ரீஷியன் கை டப்பாவிலேயே தங்கிவிட்டது. மாஸ்டர் எழுந்து போனதும் என் பக்கம் திரும்பினார்.

“‘நீங்க’ன்னுட்டாரு, கேட்டியா? ஒரே வார்த்தையில வெட்டி விட்டுட்டாரு மனுசன்.”

அதன்பிறகு மேசையில் சண்டையே இல்லை. “வரி ஏத்திட்டாங்களாமே?” “ஆமாங்க, அவங்களுக்கும் செலவிருக்குல்ல.” “கீரை எடுத்துக்குங்க.” “போதுங்க, வயிறு நிறைஞ்சிருச்சு.” எலக்ட்ரீஷியன் தன் கட்சியைத் தானே குறை சொன்னார். மாஸ்டர் எலுமிச்சம்பழம் கொண்டுவருவதை நிறுத்தினார். பாதிச் சாப்பாட்டோடு இருவரும் எழுந்துவிடுவார்கள். முன்பெல்லாம் கூடத்தைக் கூட்டி முடிக்கும்வரை எழவே மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, வெட்டும் அறைக்கு டியூப்லைட் மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். நான் சிதறிய பித்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மாடிப்படியில் கால் வைத்தபோது மேலே மாஸ்டரின் பழைய குரல் கேட்டது.

“போடா டேய்! மொதல்ல உன் தலைவர நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசச் சொல்லு. அப்புறம் நாட்ட ஆளலாம். என்னது? எலுமிச்சம்பழம் பிழிஞ்சா ருசி கெட்டுருமா? உன் நாக்குல தோல் இருக்காடா?”

எலக்ட்ரீஷியன் காலைப் பின்னுக்கு எடுத்தார். விளக்கைக் குழந்தையைப் போல நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“புது ஆள் கெடச்சுட்டாரு போல,” என்றார். “இருக்கட்டும். நாளைக்கு மாட்டிக்கலாம்.”

“மேல அவரத் தவிர யாரும் இல்லண்ணே,” என்றேன்.

நான் பேசியதற்கே அவர் திடுக்கிட்டார். பிறகுதான் சொன்னது காதில் ஏறியது. மேலே மாஸ்டர் விடவில்லை. “பதில் சொல்லுடா! ஏன், வாயில கொழுக்கட்டையா?”

எலக்ட்ரீஷியன் விறுவிறுவென்று பாதிப் படி ஏறினார். முகம் சிவந்திருந்தது. ‘யோவ்’ என்று கத்தப் போகிறார் என்றே நினைத்தேன். உதடுகூட அதற்குக் குவிந்தது.

“மாஸ்டர், நாந்தாங்க. லைட்டு மாட்ட வந்தேங்க.”

மேலே குரல் நின்றது. நாற்காலி நகரும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

“வாங்க,” என்றார் மாஸ்டர்.