ஒன்பதாவது கட்டம்

2019ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், வியாழக்கிழமை பிற்பகலில், மேற்கு மினசோட்டாவிலுள்ள லிண்டால் கல்லூரியின் அறிவியல் கட்டடத்தில், முதலாண்டு மாணவி பிரிட்டா நையகார்டின் நான்காண்டுத் திட்டத் தாள் ஏற்கப்படாமல் அவளிடமே திருப்பித் தரப்பட்டது. இயற்பியலை முதன்மைப் பாடமாகப் படிக்கப் போவதாக அதில் அவள் எழுதியிருந்தாள். தாளில் அச்சிடப்பட்டிருந்தவை, பருவத்துக்கு ஒன்றாக எட்டுக் கட்டங்கள். அவற்றின் வலப்புறத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஒன்பதாவது கட்டம் ஒன்றை அவள் அளவுகோல் வைத்து வரைந்திருந்தாள்.

திருப்பித் தந்தவர் உயிரியல் பேராசிரியை டாக்டர் காலீன் வாண்டர்ஸ்லூட். அறிவியல் பாடங்களையும் அவற்றைப் படித்தால் கிடைக்கக்கூடிய வேலைகளையும் புதிய மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் செமினாரை அவர்தாம் பல ஆண்டுகளாக நடத்திவந்தார். வாரந்தோறும் ஒரு துறையிலிருந்து ஒருவர் வந்து பேசுவார். மாணவர்கள் பீட்சா தின்றுகொண்டே கேட்பார்கள். பருவ முடிவில் ஆளுக்கொரு திட்டம் எழுதி நடைக்கூடச் சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டியவருக்குத் தேர்ச்சி. அந்தச் செமினாரில் தேறாதவர் என்று ஒருவரை அதுவரை யாரும் கண்டதில்லை.

"உக்காரும்மா. கோவிச்சுக்காம கேளு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் வாண்டர்ஸ்லூட். "சேர்ந்தப்ப வெச்ச கணக்குப் பரீட்சையில நீ அல்ஜீப்ராவோட நின்னுட்டே. இயற்பியலுக்குக் கால்குலஸ் வேணும்."

"தெரியும் டாக்டர். அடுத்த வருஷம் எடுக்கறேன். எழுதியிருக்கேனே."

"அப்படி எடுத்தா நாலு வருஷத்துல முடியாது."

"முடியாதுதான். அதனாலதான் ஒரு கட்டம் சேர்த்தேன்."

அவள் கணக்கில் பிழை இல்லை. அவள் படித்த பள்ளியில் கணக்கு ஆசிரியரே ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பனிக்காலம் முழுவதும் ஹாக்கிக்குப் போனது போக மிஞ்சிய நாள்களில் அல்ஜீப்ராவைத் தாண்ட எவராலும் இயலவில்லை. இங்கேயோ இயற்பியல் துறையில் இருப்பவர்கள் மூவரே. ஆதலால் குவாண்டம் இயற்பியலை அவர்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு, ஒற்றைப்படை ஆண்டின் இலையுதிர் பருவத்தில் மட்டுமே நடத்தினார்கள். 2021இல் பிரிட்டா அதற்குத் தயாராகியிருக்க மாட்டாள். அடுத்து அது வருவது 2023இல். நான்காண்டும் கடந்த பிறகு ஒரு பருவம், எனவே ஒன்பது.

"உனக்கு அழகாப் பேச வருது," என்றார் வாண்டர்ஸ்லூட் கனிவாக. "அறிவியலை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ற படிப்பு இருக்கு. மியூசியத்துல வேலை கிடைக்கும். அதுவும் அறிவியல்தானே?"

சொல்லிக்கொண்டே, மேசையிலிருந்த டிஷ்யூப் பெட்டியை மாணவியின் பக்கம் மெல்ல நகர்த்தினார். அழப் போகிறவர்களுக்காக அங்கே வைக்கப்பட்ட பெட்டி அது. அதைக் கண்ட பிறகுதான் பிரிட்டாவுக்குக் கோபம் வந்தது.

"இதே பேச்சை வேற யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா டாக்டர்?"

"வருஷத்துக்கு அஞ்சாறு பேர்கிட்ட பேசறேன். எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க."

"நல்ல பிள்ளைங்க போல," என்றாள் பிரிட்டா. டிஷ்யூப் பெட்டியை இருந்த இடத்துக்கே திருப்பி நகர்த்திவிட்டு எழுந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அன்று இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ். அவளுடைய அறைத்தோழி ஹோதான் அப்தி, இறைச்சியை விலக்கிப் பாலாடைக்கட்டிச் சாண்ட்விச்சோடு எதிரே வந்து அமர்ந்தாள். செயிண்ட் கிளவுடிலிருந்து வந்தவள். மருத்துவம் படிக்கத் தீர்மானித்திருந்தாள். அவளுடைய எட்டுக் கட்டங்களும் செப்டம்பரிலேயே நிரம்பிவிட்டன.

"உனக்கு என்னடி இவ்வளவு திமிரு?" என்றாள் ஹோதான். "அந்தத் துண்டைக் கிழிச்சுப் போட்டுட்டு பயாலஜின்னு எழுதிக் குடேன். தேர்ச்சி வாங்கிட்டு அப்புறம் மாத்திக்க. போலீஸா வந்து பிடிக்கப் போகுது?"

"பொய் எழுதச் சொல்றியா?"

"ஆமா. எல்லாரும் அதத்தானே செய்யறாங்க! கடல் உயிரியல் படிக்கப் போறேன்னு எழுதினவன் ஒருத்தன் கடலையே பாத்ததில்லையாம். யாராவது கேட்டாங்களா?"

பிரிட்டா சிரித்தாள், ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. முதல் அல்ஜீப்ராத் தேர்வில் அவள் வாங்கியது நூற்றுக்கு எழுபத்தொன்று. அதற்காக அவள் உழைத்த உழைப்பு அவளுக்கே தெரியும். வாண்டர்ஸ்லூட் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்னும் எண்ணம் அவளை விடவில்லை. "நான் தோத்துப் போகலாம்டி," என்றாள் தாழ்ந்த குரலில். "தோத்தா தோக்கறேன். ஆனா கணக்குல தோக்கணும். கட்டம் பத்தலைன்னு தோக்க மாட்டேன்."

"பைத்தியம்," என்றாள் ஹோதான். பிறகு, "நல்ல பசை என்கிட்ட இருக்கு. அந்தத் துண்டு இப்பவே பிஞ்சு தொங்குது," என்றாள்.

நன்றித் திருநாள் விடுமுறை கழிந்து, டிசம்பர் 5ஆம் நாள் திட்டங்களை ஒட்டும் நாளாக இருந்தது. நடைக்கூடத்தில் சூடான ஆப்பிள் சைடர் பானமும் டோனட்டும் வைத்திருந்தார்கள். பேராசிரியர்கள் கோப்பையோடு உலவி ஒவ்வொரு தாளாகப் படிப்பது வழக்கம். வாண்டர்ஸ்லூட் வாசலிலேயே நின்று, புதிய தாள் ஒன்றைப் பிரிட்டாவின் கையில் கொடுத்தார். எட்டுக் கட்டங்கள் அதில் வெறுமையாக இருந்தன. பிரிட்டா அதை வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய தாளையே சுவரில் ஒட்டினாள்.

தாள்கள் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் இடைவெளியின்றி ஒட்டப்படுபவை. ஒன்பதாவது கட்டம் அடுத்த தாளின் மேல் ஏறி நின்றது. அந்தத் தாளுக்குரியவன் டக்கர் ஓஸ்ட்பி, நிலவியல் படிக்க வந்தவன்.

"ஏய், உன்னோட ஒன்பதாவது செமஸ்டர் என்னோட முதல் செமஸ்டரை முழுங்கிடுச்சு!"

"கொஞ்சம் நகத்திக்கயேன்."

"எங்க நகத்த? அந்தப் பக்கம் பீட்டர்சன் இருக்கான்." முணுமுணுத்துக்கொண்டே தன் தாளைப் பிரித்து ஒரு சாண் கீழே ஒட்டினான். வரிசை அந்த இடத்தில் உடைந்தது. கூடத்தின் மறுகோடியிலிருந்தே அது தெரிந்தது.

வாண்டர்ஸ்லூட் நெருங்கி வந்தார். "பிரிட்டா, இத எடுத்துடும்மா."

"எடுக்க மாட்டேன் டாக்டர்."

வாண்டர்ஸ்லூட் குரலை உயர்த்தவில்லை. "இது திட்டம் இல்ல. ஆசை."

"நாலு வருஷத்துல முடிச்சா திட்டம், நாலரை வருஷம் ஆனா ஆசையா?" என்றாள் பிரிட்டா. "வாரா வாரம் ஒருத்தரக் கூட்டிட்டு வந்து, எல்லாக் கதவும் திறந்திருக்குன்னு காட்டினீங்க. ஒண்ணுல நான் காலை வெச்சதும் சாத்தறீங்களே!"

அப்போது இயற்பியல் துறைத் தலைவர் டாக்டர் பால்க் அருகே வந்தார். கழுத்துப்பட்டையில் டோனட் சர்க்கரை உதிர்ந்திருந்தது. இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. தாளை முதற்கட்டம் தொடங்கி நிதானமாகப் படித்து, ஏழாவதன் மீது விரல் வைத்தார்.

"இது தப்பு. வெப்ப இயற்பியலை இலையுதிர் பருவத்துல நாங்க நடத்தறதில்ல. வசந்தத்துலதான்."

பிரிட்டா பென்சிலை எடுத்து, ஏழாவதில் அடித்து எட்டாவதில் எழுதினாள்.

"இப்ப சரி," என்றார் பால்க். "உன்னால முடியும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. பாதிப் பேர் நடுவுலயே போயிடறாங்க."

"முடியுமான்னு நான் கேக்கலையே டாக்டர்."

"ஆமா, நீ கேக்கல." அவர் வாண்டர்ஸ்லூட்டிடம் திரும்பினார். "காலீன், எங்க துறைக்கு இது போதும். செமினார் உன்னோடது. அதுல நான் தலையிடல."

வாண்டர்ஸ்லூட் முகம் சிவந்து நின்றார். அவர் கொடியவர் அல்லர். பாதியில் விட்டுப்போனவர்களின் முகங்கள் அவருக்கு நினைவிருந்தன. அவர்கள் எவருக்கும் நேர்ந்தது இவளுக்கு நேரக்கூடாது என்றே அவர் நினைத்தார். ஆயினும், விதியைத் தம் கையால் தளர்த்தும் பழக்கம் அவருக்கு இல்லை.

"அப்ப நான் தேர்ச்சி போட முடியாது பிரிட்டா. எட்டுக் கட்டம்தான், எல்லாருக்கும் ஒரே விதி."

"போடாதீங்க டாக்டர்," என்றாள் பிரிட்டா.

முதலாண்டு வகுப்புகளுக்கான குழு டிசம்பர் 12ஆம் நாள் கூடி முடிவெடுத்தது. திட்டத் தாளில் எட்டுக் கட்டங்களே இருக்கும். டாக்டர் வாண்டர்ஸ்லூட்டின் தீர்ப்பில் மாற்றமில்லை. ஜனவரி 10ஆம் நாளுக்குள் எட்டுக் கட்டத்தில் அடங்கும் வேறு திட்டம் தந்தால் தேர்ச்சி வழங்கலாம் என்று பிரிட்டாவுக்குச் சலுகை அளிக்கப்பட்டது. அவள் அதை மறுத்தாள். எனவே அவள் தேர்ச்சி பெறவில்லை என்று பதிவாயிற்று. அடுத்த இலையுதிர் பருவத்தில் அந்தச் செமினாரை அவள் மீண்டும் படிக்க வேண்டும். அல்ஜீப்ராவிலும் முக்கோணவியலிலும் குறைந்தது 'சி' தரம் பெற்றால், 2020 இலையுதிர் பருவத்தில் அவளை முதல் இயற்பியல் வகுப்பில் சேர்த்துக்கொள்வதென்று இயற்பியல் துறை தனியே முடிவு செய்து, அதில் டாக்டர் பால்க் கையொப்பமிட்டார்.