பிஷப் வேலிக்கு அந்தப் பக்கம்

யார் வீட்டுக் கதவையும் தட்டி அனுமதி கேட்காமல், ஒரு தடவைகூட அத்துமீறாமல், நான்கு குளிர்காலம் முயல் பிடித்தவன் வடக்கு யார்க்‌ஷயரில் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். மற்றவர்கள் பண்ணை வாசல்களில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு பல்லைக் காட்டி நின்ற நேரத்தில், நான் பாட்டுக்கு வலை விரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கொள்கை உண்டு: கேட்கிறவனைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் வலை விரித்த வயல் என் மாமாவுடையது. அது கொள்கையைப் பாதிக்காத சின்ன விவரம்.

என் கல்லூரித் தோழன் ஜெத்ரோவுக்கு நிலம் வைத்திருக்கும் மாமா கிடையாது. மாமா வயலின் முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்ராய்ட் பண்ணையில் அவனுக்கு அனுமதி வேண்டியிருந்தது. திருமதி அக்ராய்ட் அங்கே தனியாக இருக்கிறாள். முந்தைய வருடம் முயல் துரத்த நாய்களோடு வந்த ஒரு கும்பல் கேட்டை இடித்துத் தள்ளிவிட்டுப் போனதிலிருந்து, தெருவில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் அவள் எழுதி வைக்கிறாள். தபால்காரனின் எண்ணும் அதில் இருப்பதாகக் கேள்வி. ஜெத்ரோ மூன்று சனிக்கிழமை போனான். வாசற்படி ஓரத்து இரும்புத் தகட்டில் பூட்ஸ் மண்ணைச் சுரண்டினான், முதலில் இடது கால், அப்புறம் வலது கால். உலர்பழக் கேக் ஒன்றும் ஒரு கடிதமும் கொடுத்தான். தோண்டிய குழியை மூடிவிடுவேன், கிடைத்ததில் இரண்டு முயல் உங்களுக்கு என்றெல்லாம் எழுதியிருந்தான். கடைசி வரியில், பதினொரு வயதில் உங்கள் வேலிக் கட்டையை உடைத்தது நான்தான் என்றும் எழுதியிருந்தான்.

அந்தக் கடைசி வரிக்காகவே நான் மதுக்கடை மேசையில் ஏறி அவனை நடித்துக் காட்டினேன். பூட்ஸ் சுரண்டலுக்குக் கைதட்டல், கட்டைக்கு விசில்.

"கேக்காத கேள்விக்கு எவனாவது பதில் சொல்வானாடா?"

"அவங்களுக்கு அது முன்னாடியே தெரியும். நான் சொல்றேனான்னுதான் பாத்தாங்க," என்றான் ஜெத்ரோ.

அனுமதி கிடைத்தது. அவனுக்கு மட்டும், மேல் வயலில் மட்டும், மத்தியானம் வரை மட்டும். கூட்டாளி யாரும் கூடாது. கேக்கின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அம்மாவுக்கு நானும்தான் உபகாரம் செய்திருக்கிறேன். ஆகஸ்டில் அவள் பண்ணைக்குள்ளே போகும் பொது நடைபாதை வழியாக நடந்தபோது அவள் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. ஒழுங்காகச் சாத்திக் கொக்கி போட்டேன். அதற்காக நான் கடிதம் எழுதினேனா?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. பிஷப் என்பது என் ஃபெர்ரெட்டின் பெயர். கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருப்பார். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், ஆசீர்வதிக்கும் முகபாவம். மாமா வயலில், வேலியடி முயல் வளைக்குள் இருப்பவற்றை விரட்டி வெளியேற்ற, ஜெத்ரோவும் நானுமாக அவரை விட்டோம். இரண்டு முயல் பாய்ந்து வலையில் விழுந்தன. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. அவர் கழுத்துப்பட்டையின் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவியை நீட்டிக்கொண்டு வேலியோரமாக நடந்தேன். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நாலடி ஆழம். உள்ளேயே ஒரு முயலைக் கொன்றுவிட்டு, அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். உறைபனியில் தரை இறுக ஆரம்பித்திருந்தது. இன்றைக்குத் தோண்டாவிட்டால் பிஷப் இல்லை.

"தாண்டிப் போய்த் தோண்டினா இருபது நிமிஷம்," என்றேன்.

"தாண்டு. அதுக்கு முன்னாடி அந்தம்மா வீட்டு மாடி ஜன்னலப் பாரு."

ஜன்னலில் ஏதோ பளிச்சென்றது. தொலைநோக்கி.

"நீ போய்க் கேளேன்டா. கேக் குடுத்துப் பழகினவன்."

"கூட்டாளி கூடாதுன்னுதான் அனுமதி குடுத்தாங்க. உனக்காகப் போய் நின்னா என்னோடதும் போச்சு. பிஷப் உன் ஆளு, நீ கேளு."

அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது.

தெரு வழியாகச் சுற்றிப் போனேன். கேட் திறந்து கிடந்தது. கை தானாகக் கொக்கிக்குப் போனது.

"இருக்கிறபடியே விடு!" என்று வேலிக்குப் பின்னாலிருந்து ஜெத்ரோ கத்தினான். விட்டேன்.

சங்கிலி போட்ட கதவு நாலு விரற்கடை திறந்தது.

"காரை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"நடந்துதாங்க வந்தேன். பிஷப் உங்க நிலத்துக்கடியில மாட்டிக்கிட்டாரு."

"எந்த பிஷப்?"

விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை; பூட்ஸைப் பார்த்தாள்.

"வர்ற வழியில கேட்டை என்ன பண்ணின?"

"திறந்திருந்துச்சு. அப்படியே விட்டுட்டேங்க."

"ஆகஸ்ட்ல ஒரு புண்ணியவான் சாத்திட்டுப் போனான். ஆடெல்லாம் இந்தப் பக்கம், தண்ணித்தொட்டி அந்தப் பக்கம். வெயில் மண்டையப் பொளக்குது. சந்தைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துதான் பாத்தேன். நாப்பது ஆடு நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்குது. ஒரு குட்டி எந்திரிக்கவே இல்ல." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "யாரா இருக்கும்னு நினைக்கிற தம்பி?"

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? நடைபாதையில் எத்தனையோ பேர் போகிறார்கள். ஜெத்ரோ ஏதாவது சொல்லியிருப்பானோ? மேசை மேல் நான் நின்றதை அவன் மறக்கவில்லையோ? தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால், மண்வெட்டியோடு நான் உள்ளே போகலாம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? சட்டைப்பைக்குள் அணைக்காமல் விட்ட கருவி, இவ்வளவு தூரத்திலிருந்து எதையும் பிடிக்க முடியாமல் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

"நான்தாங்க அது," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே காலடிகள் தூரமாகப் போயின. அப்புறம் கல்தரையில் இரும்பு எதையோ இழுக்கும் சத்தம். மண்வெட்டியா, துப்பாக்கியா? சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஜெத்ரோ தெரியவில்லை, வேலிக்கு மேலே அவன் மூச்சு மட்டும் வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். படியோரம் அந்த இரும்புத் தகடு இருந்தது. இடது பூட்ஸை அதில் வைத்து, சத்தம் வராமல் சுரண்ட ஆரம்பித்தேன்.