நல்ல தண்ணீர் ஆகாத உயிர்

நதியா, உன் விடுதிப் பெண்கள் நம் அக்கா நிலத்துக் கதையைக் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றாயே, சொல்கிறேன். உப்பளத்தில் மாதிரி எடுத்துவிட்டு இப்போதுதான் கரையேறினேன். விரலெல்லாம் உப்பு, அதனால் போனிடம் பேசியே எழுதுகிறேன். பிழை இருந்தால் போனைத் திட்டு.

தூத்துக்குடியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களை வளர்க்கிறோம். உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட மற்ற உயிரெல்லாம் செத்துப்போகும். இவை அப்போதுதான் பெருகும், பாத்தியே ரோஜா நிறமாகிவிடும். அவற்றின் மரபணு அப்படி. உடம்புக்குள் இருக்கும் புரதமெல்லாம் உப்பில்தான் நிமிர்ந்து நிற்கும், உப்பு குறைந்தால் துவண்டுவிடும். மண்ணில் பூட்டிக் கிடக்கும் சத்தை வேருக்கு எடுத்துக் கொடுப்பவையும் இவற்றில் உண்டு. உவர் நிலத்து நெல்லுக்கு அவை துணையாக நிற்குமா என்பதுதான் எங்கள் நிவேதா மேடத்தின் ஆராய்ச்சி. தொட்டியில் வளர்த்த பயிர் நின்றது. வயலில் யாரும் பார்த்ததில்லை.

சந்தவாசலில் அக்கா நிலத்தின் கீழ்ப்பாதி உனக்குத் தெரியும். போர்வெல்லின் உப்புத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. நட்ட நாற்று நுனி கருகிச் செத்தது. சிங்காரம் மாமா அந்த மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுக்க முடிவு செய்துவிட்டார். மேல்மண் போனால் அது பள்ளம்தான், நிலமில்லை. அக்கா போனில் அழுதாள். நான் யோசிக்காமல், "ஒரு போகம் பொறுக்கச் சொல்லுக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தூக்கம் போய்விட்டது. தோற்றால் மாமா முகத்தில் எப்படி விழிப்பேன்?

மேடம் ஒரு கேன் நிறைய வளர்த்துக் கொடுத்தார். அதைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

விதை ஊறவைக்கும் நாள் என்று அம்மாவும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது, நம் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு. பெண் கொடுத்த வீட்டில் விதை நனைக்கத் தாய்வீட்டுத் தண்ணீர் போக வேண்டும், நம் வீட்டு வழக்கமாயிற்றே. மாமா கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"போர் தண்ணி குடிச்ச நெலம் அத்தே. மலைத் தண்ணியப் பாத்தா மெரண்டுடப் போவுது."

"மெரளட்டும் மாப்ள. உங்களுக்குப் பொண்ணு குடுத்ததே அதே மலைலேர்ந்துதான், நீங்க இன்னா மெரண்டீங்களா?"

"மெரண்டுதான் கீறேன், இன்னும் தெளியல" என்றார் மாமா. அக்கா முறத்தால் தட்டினாள்.

கரைசலுக்குக் கல்லுப்பு வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் அண்டாவில் விதைநெல் ஊறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் கேன், கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

"இன்னாம்மா பண்ண?"

"அவ்ளோ தூரம் வந்த உசுருடா. உப்புத் தண்ணில கெடந்து நாறுது. நல்ல தண்ணி குடிக்கட்டும்னு கொடத்த அப்படியே ஊத்தனேன்."

ரோஜா நிறம் போயிருந்தது. அம்மா கையை விட்டுத் தூக்கியது. விரலிலிருந்து கோழையாக நூல் நூலாக இறங்கியது.

"கொழகொழன்னு கீதே, நல்லா ஊறிச்சா?"

நல்ல தண்ணீரில் அவை ஊதி வெடித்துவிடும், நதியா. கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாகப் பார்த்த மரபணு, அம்மா விரலில் சளிபோல் தொங்கியது. அதட்ட வாய் வரவில்லை. விருந்தாளிக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்லதைக் கொடுத்திருக்கிறது. கொடுக்காதே என்று நான் சொல்லியிருக்கவில்லை.

எல்லாம் செத்துவிட்டன என்று சொன்னதும் அம்மா அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. மாமா வரப்பு வரைக்கும் போய்விட்டு வந்து, "பரவால்ல மச்சான். வெள்ளிக்கெழம ஜேசிபி வரச் சொல்லிடறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். அடுத்த கேன் அடுத்த போகத்துக்குத்தான் என்றார். "கேன்ல கொஞ்சமாவது ஒட்டிட்டு இருக்கா?"

"அம்மா பாத்திரத்தக் கழுவாம வுடுமா?" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். வயல் மூலையில் வேப்பமரத்தடிக் கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மாவோடு போனேன். ஏழு கல்லுக்கு முன்னால் ஒரு கொட்டாங்குச்சி. அதற்குள் உப்பு பூத்து, காய்ந்து, ரோஜா நிறத்தில் படிந்திருந்தது.

"இது இன்னாம்மா?"

"எது வந்தாலும் மொதக் கை அவங்களுக்குத்தானடா. கேனத் தொறந்ததும் எடுத்து வெச்சேன்."

"இதுல தண்ணி ஊத்தனியா?"

"சாமிக்குக் கலப்படம் பண்ணுவாங்களாடா?"

படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "உப்புக் கட்டிக்குள்ள அதுங்க உயிரோட இருக்கும் தமிழ்மணி. இன்னைக்கு பஸ்ஸ விட்டுடுங்க."

அம்மா கன்னிமாரிடம் உத்தரவு கேட்டுத்தான் கொட்டாங்குச்சியை எடுத்தது. ஒரு பிளாஸ்டிக் பேரலில் கொதித்து ஆறிய தண்ணீர், கைகொள்ளாத கல்லுப்பு, மேடம் சொன்ன அளவுக்கு மற்றச் சத்துகள், கடைசியில் கொட்டாங்குச்சி உப்பு, மேலே மெல்லிய துணி. பேரலை வெயிலில் வைத்தோம். விதைக்கு நேரம் தப்பிவிட்டதால், நாற்றின் வேரை அதில் நனைத்து நடலாம் என்று முடிவு. அக்கா மேல்பாதியில் நாற்று விட்டாள்.

மாமா பேரலை ஒரு சுற்று சுற்றி வந்தார். அப்புறம் போனை எடுத்து, "வெள்ளிக்கெழம வேணாம்பா. நடவு முடியட்டும்" என்றார்.

அம்மா மலைக்குத் திரும்பவே இல்லை. பேரல் பக்கத்தில் யார் சொம்போடு போனாலும், "தள்ளிப் போ, அதுங்களுக்கு நல்ல தண்ணி ஆவாது" என்று விரட்டியதாம். நடவுக்கு நான் மறுபடி வந்தபோது பேரல் ரோஜா நிறமாக இருந்தது. நான் அழுததை அக்கா உன்னிடம் சொல்லியிருப்பாள்.

நடும்போது மாமா கேட்டார். "அந்த ஜீனையே எடுத்து நெல்லுல வெச்சிட்டா, இந்த பேரல் வேல மிச்சம்தானே மச்சான்?"

"அது ரொம்ப தூரம் மாமா. இப்போதைக்கு வேரு பக்கத்துல காவலுக்கு நிக்கட்டும்."

"உங்க அம்மா மாதிரியா? அப்போ பயிர் பொழச்சிக்கும்."

பாதி வரிசைக்கு நனைத்தோம், பாதிக்கு நனைக்கவில்லை. நனைக்காததில் முக்கால்வாசி கருகியது. நனைத்ததிலும் நடுவில் வெளுத்த திட்டில் ஒன்றும் நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மற்றது நின்றது. ஒரு வயலை வைத்து எதையும் முடிவு கட்டாதே என்று மேடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ஒரு வயல்தான் கவலை.

போன வாரம் சூளைக்காரர் வந்தாராம். அக்கா சொல்லித்தான் தெரியும். மாமா அவரை வரப்பில் நிறுத்தி, "மண்ணு வேலைல கீதுப்பா, இப்ப அனுப்ப முடியாது" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவர் பொறுத்தார், அக்கா நம்பினாள், அம்மா முதல் கையை எடுத்து வைத்தது. யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை நதியா. நேற்று அம்மாவுக்குப் போன் செய்து சொல்லப் பார்த்தேன். அது காதில் வாங்கவே இல்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும். அங்க மழையாமே, உப்பளத்துல அதுங்களுக்கு உப்பு போதுமா?"