ஒரு படி மேலே

"சாருக்கு எந்தப் படின்னு சொல்லிட்டீங்க. மருமகளுக்கு?"

கணக்கெடுக்க வந்த பெண் வருமானப் படிகள் அச்சடித்த அட்டையை நீட்டினாள். மாமியார் அதைப் பார்க்கக்கூட இல்லை. "அவளுக்கு இவனைவிட ஒரு படி கீழேன்னு போட்டுக்கம்மா."

பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மருமகளின் பேனா நின்றது.

அவள் பொருளாதாரப் பேராசிரியை. வருமான ஏற்றத்தாழ்வு எங்கே தொடங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இப்படி வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கில்தான் அவள் வருஷக்கணக்காகத் தலையைக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு விஷயம் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. மனைவியின் வருமானம் கணவனுடையதை நெருங்கி நெருங்கி வரும். தொடப்போகும் இடத்தில் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடும். சம்பளம் கொடுக்கும் இடங்களின் கணக்கோ வேறு கதை சொன்னது.

"வீட்ல பொய் சொல்றாங்க சார்" என்று ஒருமுறை துறைக் கூட்டத்தில் சொல்லியிருந்தாள்.

மூத்த பேராசிரியர் சிரித்தார். "தன் சம்பளத்தைக் குறைச்சுச் சொல்லி ஒருத்திக்கு என்னம்மா லாபம்? ஆதாரம் இருக்கா?"

இருந்தது. அதைக் கூட்டத்தில் சொல்லத்தான் முடியவில்லை.

கல்யாணம் பேசும்போதே அவளுடைய அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "அவங்க கேட்டா கொஞ்சம் குறைச்சே சொல்லும்மா. மாப்பிள்ளைக்குக் கௌரவமா இருக்கட்டும்." மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். நல்லவன், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன். வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில் போனது. வாசல் பலகையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. வெளியில் சாப்பிடப் போனால் பில் வருவதற்குள் மேசைக்கு அடியில் பணத்தை அவன் கைக்குத் தள்ளிவிடுவாள். பதவி உயர்வு வந்த அன்றைக்கு மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "நம்ம சொந்தக்காரங்க காதுல போட்டுடாதே" என்பதுதான்.

அவளும் போடவில்லை. இத்தனை நாளும் ஓட்டியாகிவிட்டது, இன்றைக்கும் ஓட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். திருத்த வேண்டிய தாள்கள் மலைபோல் கிடந்தன. ஆனால் நாளைக்கு இந்தப் பொய்யும் அவள் மேசைக்குத்தான் வரும். அதை உண்மை என்று நம்பி அவளே கூட்டிக் கழிக்க வேண்டும்.

எழுந்து கூடத்துக்கு வந்தாள். கணவன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது தப்புங்க. எனக்கு அவரைவிட மூணு படி மேலே."

கணக்கெடுக்கும் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. மாமியார் முகம் சுண்டிவிட்டது. "வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகணுமா?"

"தெருவுக்கு யாரும் கொண்டுபோகலை அத்தை. இவங்க கேக்கறாங்க, நான் சொல்றேன்."

"அம்மா சொன்னதையே எழுதிக்கட்டுமே" என்றான் கணவன், கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு வரிதானே. யார் பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்" என்றாள். சண்டைக்கு நிற்கிற தெம்பு அவளிடம் இல்லை. குரலில் அலுப்புதான் இருந்தது. "என் பேருக்கு நேரா என் சம்பளத்தை எழுதட்டும். உங்க பேருக்கு நேரா என்ன எழுதறதுன்னு நீங்க சொல்லுங்க."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைக் கேட்டு வாங்கினான். மேலிருந்து கீழாக விரலை ஓட்டினான். அவனுடைய உண்மையான படியில் விரல் ஒரு கணம் தயங்கியது. சொல்லிவிடுவான் என்று அவளுக்குப் பட்டது.

விரல் மேலே ஏறியது. அவளுடைய படியைத் தாண்டி அடுத்ததில் போய் நின்றது.

"எனக்கு இது. முதல்ல அம்மா தெரியாம சொல்லிட்டாங்க."

"ஆமாம்மா, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்றார் மாமியார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவருக்கு. "அதையே எழுதிக்கோ."

அந்தப் பெண் முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒரு நிமிஷத்தில் அந்த வீடு பணக்கார வீடாகிவிட்டது. பேராசிரியைக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது, வரவில்லை. மூத்த பேராசிரியருக்குக் காட்ட இன்னொரு வீடு. ஆனால் இந்த வீட்டில் மனைவி பொய் சொல்லவில்லை என்பது எந்த அட்டவணையிலும் தெரியப்போவதில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் சரிபார்த்துச் சொல்லணும்" என்ற அந்தப் பெண், தயங்கிவிட்டுத் தாளை அவளிடமே நீட்டினாள். "ரெண்டு பேரோடதும் சரிதானே மேடம்?"

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சலா பயமா என்று சொல்ல முடியாத பார்வை.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். தன் வரிக்கு நேராக மட்டும் சின்னதாக ஒரு கையெழுத்தைப் போட்டாள்.

"என்னோடது சரி" என்று சொல்லி, தாளையும் பேனாவையும் கணவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.