பின்னறைக் கதவு நிலை

புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீட்டைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விற்கப்போகிற வீட்டுக்கு எவனாவது காரணமில்லாமல் செலவு செய்வானா? எங்கே ஈரம் ஏறியிருக்கிறதோ அங்கே ஓர் அலமாரி நிற்கும். எங்கே தரை பிளந்திருக்கிறதோ அங்கே கம்பளம் விரிந்திருக்கும். வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டைச் சோதித்து, விரிசல், ஒழுகல், கரையான், எலி எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வந்ததால் சந்தேகப்பிராணி ஆனேனா, சந்தேகப்பிராணி என்பதால் இந்தத் தொழிலுக்கு வந்தேனா என்று என் மனைவி கேட்பாள். எதற்காகக் கேட்கிறாள் என்று நான் யோசிப்பேன்.

அன்றைக்குப் பார்க்கப்போன வீடு என் தங்கைக்காக. கல்யாணமானதிலிருந்து அவளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். இப்போது சொந்தமாக ஒரு வீடு வேண்டுமாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காட்டிய வீடு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. நான் சொன்னேன், விட்டுவிட்டார்கள். "அண்ணன் சரின்னு சொன்னாதான் வாங்குவோம்" என்று தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. தாழ்ந்த மதில், சாய்ந்த ஓட்டுக்கூரை, வாசலில் தார்ப்பாய் போர்த்திய கார். புரோக்கர் கேட்டிலேயே நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சோதனை செய்யவந்தவனை இவ்வளவு சந்தோஷமாக வரவேற்கிற புரோக்கரை நான் பார்த்ததில்லை.

"வாங்க சார், வாங்க. வீடு கல்லு மாதிரி இருக்கு. நீங்க சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்தாப் போதும்."

"சும்மா சுத்துறதுக்கு என்னை எதுக்குக் கூப்பிடணும்?" என்றேன். சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

வீட்டுக்காரம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருக்கப்போவதால் விற்கிறாராம். காபி வேண்டுமா என்று கேட்டார். வேலை நேரத்தில் யார் கொடுத்தும் நான் எதுவும் குடிப்பதில்லை என்றேன். விஷமா வைக்கப்போகிறேன் என்று முணுமுணுத்தபடி சமையலறைக்குள் போய்விட்டார்.

ஏணியைப் போட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருந்த பொந்துக்குள் ஏறினேன். டார்ச்சை அடித்து ஒவ்வொரு உத்தரமாகத் தட்டினேன். எல்லாம் கெட்டி. ஓட்டில் ஒழுகிய தடமே இல்லை. இறங்கி பாத்ரூம் சுவரில் ஈரம் பார்க்கும் கருவியை வைத்தேன். முள் அசையவில்லை. சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. குறை கிடைக்காதபோது மற்றவர்களுக்கு நிம்மதி வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கேயோ ஏமாற்றப்படுகிறோம் என்று தோன்றும்.

பின்னறைக்கு வந்தபோது அந்த எரிச்சல் தீர்ந்தது.

கதவு நிலையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டொக், டொக் என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கீழே வந்ததும் பொத், பொத் என்றது. குனிந்து பார்த்தேன். பெயின்டின்மேல் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலான பழுப்புக் கோடு, தரையிலிருந்து மேலே ஏறியிருந்தது. கரையான் மண்ணால் மூடி வழி போட்டிருக்கிறது. யாரோ அதை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. உள்ளே மரம் ஏடு ஏடாகக் கிடந்தது, மண்ணும் இருந்தது. ஆனால் உயிரோடு ஒரு பூச்சி இல்லை. மண் இன்னும் ஈரமாக இருந்தது.

மூக்கை நிலையில் ஒட்டிவைத்து மோந்தேன். எலுமிச்சை வாசனை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கரையானைப் பார்த்தால் எங்கள் தொழிலில் முதல் சட்டம், கையை வைக்காதே என்பதுதான். இருக்கிற இடத்திலேயே விட்டு, அதற்கென்று உள்ள மருந்தைத் தூவவேண்டும். அதுகளே அதைச் சுமந்துகொண்டு போய்ப் புற்றில் இருக்கிற மொத்தக் கூட்டத்துக்கும் கொடுக்கும். கடையில் விற்கிற ஸ்பிரேயை வாங்கி அடித்தால் கண்ணில் பட்ட நாலு செத்துவிழும். மிச்சம் அந்த வழியை மூடிவிட்டு, வீட்டின் வேறு மூலைக்குப் போய்விடும். அப்புறம் தேடி அலையவேண்டியதுதான். இதைச் செய்தவன் ஒன்று அடிமுட்டாள், இல்லாவிட்டால் என் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தவன்.

சமையலறைக்குப் போய் வீட்டுக்காரம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன்.

"பின்னறைக் கதவுல எப்போ மருந்து அடிச்சீங்க?"

"எந்த மருந்து?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கம்மா. கரையானை ஸ்பிரே அடிச்சுத் துடைச்சிருக்கீங்க. வாடைகூடப் போகல."

அந்த அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க பாருங்க, எனக்கு மூச்சுக் கோளாறு இருக்கு. பூச்சி மருந்து வாடை பட்டாலே இழுக்க ஆரம்பிச்சுடும். இந்த வீட்டுக்குள்ள அதை வாங்கி வெச்சதே கிடையாது. கரையான் இருந்தது எனக்கே இப்போ நீங்க சொல்லித்தான் தெரியுது. இந்த வயசுல என்னைத் திருடின்னு சொல்ல வந்துட்டீங்களா?"

"அப்போ யாரு அடிச்சது? பின்னறைக்கு யாரு வந்தாங்க?"

"யாரும் வரல. முந்தாநாள் உங்க தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும் ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கணும்னு வந்தாங்க. ரொம்ப நேரம் அளந்தாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு இருமல் தாங்கல. ஏன்னு இப்பத்தான் புரியுது."

எனக்கும் புரிந்தது. அந்த எலுமிச்சை ஸ்பிரே எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருப்பது. நான் வாங்கி வைத்தது. இரண்டு மூன்று நாளாக அந்த டப்பாவைக் காணவில்லை, மாடியில் யாரோ எடுத்திருப்பார்கள் என்று நினைத்து, கேட்கலாமா வேண்டாமா என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டை விற்கிறவன் மறைப்பான், புரோக்கர் மறைப்பான். வாங்குகிறவனே தான் வாங்கப்போகிற வீட்டின் கரையானைத் தன் ஆளிடமிருந்து மறைத்தான் என்று இந்தத் தொழிலில் யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? மாப்பிள்ளையை முதலிலிருந்தே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அளவாகப் பேசுகிறவர். அளவாகப் பேசுகிறவர்களிடம் ஏதோ இருக்கும் என்பது என் அபிப்பிராயம். புரோக்கரோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாரோ? என்ன பேரம் பேசியிருப்பார்? எதற்கு இவ்வளவு அவசரம்?

முடிவைக் கேட்கத் தங்கையும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியதும் இருவரையும் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"மாப்பிள்ளை, என்னைப் பார்த்தா கேணையன் மாதிரி இருக்கா?"

"என்ன மச்சான் ஆச்சு?"

"என் வீட்டு ஸ்பிரேயை எடுத்துட்டு வந்து, என் கண்ணையே கட்டப் பாக்குறீங்க. புரோக்கர் என்ன தர்றேன்னான்?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்தார், தங்கையை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டார். "ஆமா மச்சான், தப்புதான்" என்றார்.

"அவர் ஒண்ணும் பண்ணல" என்றாள் தங்கை. "முதல் தடவை வீடு பார்க்க வந்தப்பவே கரையான் என் கண்ணுல பட்டுச்சு. நான்தான் அடிச்சேன். கைப்பையில வெச்சு எடுத்துட்டு வந்தேன். நான்தான் துடைச்சேன். அவர் அந்தம்மாவை வெளியில நிறுத்திப் பேசிட்டு இருந்தார், அவ்வளவுதான்."

நான் சந்தேகப்படாத ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"கரையானைப் பார்த்தா நீ வேணாம்னு சொல்லிடுவ. நீ சொல்லிட்டா வீட்டுல எல்லாரும் வேணாம்பாங்க. அண்ணன் சரின்னாதான்னு சொல்லிச் சொல்லி நானே மாட்டிக்கிட்டேன்."

"கரையான் இருக்குற வீட்டையா வாங்கப் போற? பைத்தியமா உனக்கு?"

"கரையானுக்கு மருந்து இருக்குண்ணா." அவள் குரல் உடைந்தது. "வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்து யாரு வந்திருக்காங்கன்னு கேக்குற. இவரு ஆபீஸ் நண்பர் வந்தா, படியில நின்னு என்ன பேசுறாங்கன்னு கேக்குற. லைட் எரிஞ்சா ஏன் எரியுது, மோட்டார் ஓடினா ஏன் ஓடுது. இவரு எதுவுமே பேசாம இருக்கிறதுகூட உனக்குச் சந்தேகம். நாங்க என்ன தப்பு பண்ணோம்? எந்த வீடா இருந்தாலும் பரவாயில்ல, கதவைச் சாத்திட்டு உள்ள உக்காரணும் போல இருக்குண்ணா எனக்கு."

மாப்பிள்ளை அவள் தோளைத் தொட்டு, போதும் என்றார். என்மேல் கோபமாக இருப்பார் என்று பார்த்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மதில் ஓரமாக நடந்தேன். அழுகை வரும்போல இருந்தது, அதனால் வேலை பார்த்தேன். கரையான் எங்கிருந்து வந்தது, எங்கே போயிருக்கிறது என்று தெரியவேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி மூடி, அடுக்கிவைத்த பழைய பலகை என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வேலிப் பக்கம் வெட்டி விட்ட ஒரு மரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதன் பட்டையை லேசாக நெம்பினேன். வெள்ளை வெள்ளையாக ஓடின. அப்படியே மூடிவைத்தேன்.

வீட்டை மறுபடியும் தட்டிப் பார்த்தேன். பின்னறை நிலையின் அடிப்பாகத்தைத் தவிர எங்கேயும் சேதமில்லை. புற்று கையில் சிக்கிவிட்டது. கட்டையில் மருந்து வைத்து, நிலையை மாற்றினால் முடிந்தது. நான் பார்த்த வீடுகளில் இவ்வளவு யோக்கியமான வீடு குறைவு.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். கரையான் கூட்டம் எங்கே போய் ஒளிந்திருக்கிறதோ தெரியாது, ஆபத்து என்று சொன்னால் என்னை எதிர்த்துக் கேட்க யாருக்கும் தெரியாது. அவள் மாடியிலேயே இருப்பாள். காலையில் அவள் இறங்கிவருகிற சத்தம் கேட்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்ததென்பது உண்மை.

தோட்டத்தில் இருவரும் அதே இடத்தில் நின்றிருந்தார்கள்.

"வாங்கிக்கோங்க" என்றேன். "புற்று அந்த மரக்கட்டையில இருக்கு. மருந்து வெச்சா மொத்தமும் போயிடும். ஒரு நிலையை மாத்தணும், அவ்வளவுதான். வீடு நல்ல வீடு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். வீட்டுக்காரம்மாவை நான் பார்த்த பார்வை அது.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நீ எந்த வீட்டையும் நல்ல வீடுன்னு சொன்னதே இல்லையே. இப்போ மட்டும் எப்படி? கோவத்துல சொல்றியா? நான் பேசினதுக்காக, எப்படியோ போங்கன்னு தள்ளி விடுறியா?"

"இல்லம்மா. உள்ளதைச் சொல்றேன்."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. எதுக்கும் வேற ஒரு ஆளை வெச்சு இன்னொரு தடவை பாத்துடலாமா?"

என்னை நம்பவில்லை. நான் பொய் சொல்லாத ஒரு நாளில், என் தங்கையே என்னைத் தட்டிப் பார்க்கிறாள். நெஞ்சில் ஏதோ பொத் என்றது. செல்போனை எடுத்து, எனக்குப் போட்டியாக இதே தொழில் பண்ணுகிற ஒருவரின் நம்பரைத் தேடி மாப்பிள்ளைக்கு அனுப்பினேன்.

"இவரு நம்பக்கூடிய ஆளா?" என்று கேட்டாள் தங்கை.

"நம்பலாம்" என்றேன். "எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உங்களுக்கு அது போதும்ல?"

போதும் என்று தலையாட்டினாள். நான் ஏணியை மடக்கி வண்டியில் கட்டினேன்.