மருமகள் வாங்கிய சோடா மூட்டை

பால் சேகரிப்பு நிலையத்தில் எங்கள் கேனுக்குக் கலப்படச் சோதனை நடந்ததே இல்லை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மற்றவர்கள் வரிசையில் நிற்க, எங்கள் பால் நேரே தொட்டிக்குப் போகும். அதைச் சலுகை என்று நான் நினைத்ததில்லை. எங்கள் குடும்பத்துக்கு உரிய இடம் அது.

அதனால்தான் மாட்டுக் கொட்டகையில், பால் கேனுக்குப் பக்கத்தில் சோடா உப்பு மூட்டையைப் பார்த்ததும் பயந்துபோனேன். புளிக்கத் தொடங்கிய பாலில் சோடா போட்டால் புளிப்பு வெளியே தெரியாது. போன வருடம் அப்படிப் பிடிபட்டவனை இன்றும் 'சோடா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மாடுகளைப் பார்த்துக்கொள்வது மருமகள். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளையே கேட்டிருக்கலாம். கேட்டால், வீட்டில் திருட்டு நடக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொன்னதாகிவிடும். நான்கு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நான் உள்ளே நுழைந்தால் மூட்டையின் வாயை மடித்தாள். கேன் மூடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. மகனிடம் ஜாடையாக விசாரித்தேன். பால் கெட்டியாக வருகிறதே, போதாதா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை கேனை நானே எடுத்துப் போனேன். தப்பு இருந்தால் ஊர் கண்டுபிடிக்கும் முன் நான் கண்டுபிடிக்க வேண்டும். சோதனை செய்பவரிடம், "நம்ம பாலையும் சோடாவுக்குப் பாத்துடுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னபோது வரிசையே திரும்பிப் பார்த்தது.

சோடா இருந்தால் பால் சிவக்கும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால் எடுத்து மருந்தை விட்டார். சிவக்கவில்லை.

"சுத்தமான பால் பெரியவரே. ஆமா, திடீர்னு என்ன சந்தேகம்?"

"வீட்டுக்குள்ளயே போலீஸ் வச்சிருக்காரு போல" என்றது பின்னால் ஒரு குரல். நான் திரும்பவில்லை.

நான் வீடு சேரும் முன் செய்தி சேர்ந்துவிட்டது. மாவுத் தீவனம் அதிகமானால் மாட்டின் வயிற்றில் புளிப்பு ஏறும், பாலில் கொழுப்பு குறையும், அதற்காகத்தான் கால்நடை மருத்துவர் தீவனத்தில் அளந்து சோடா கலக்கச் சொன்னார் என்று மகன் விளக்கினான். மூட்டையை ஏன் மறைத்தாள் என்று கேட்டேன்.

"மறைக்கல மாமா. ஈரம் பட்டா கட்டியாயிடும்னு மடிச்சு வச்சேன்" என்றாள் மருமகள். "என்னைக் கேக்க வேண்டியதை ஊரைப் போய்க் கேட்டுட்டீங்க. இனிமே கேனை நீங்களே கொண்டு போங்க."

இப்போது எங்கள் கேனும் வரிசையில் நிற்கிறது. பெரியவரே கேட்டாரே, காரணமில்லாமலா என்று மற்றவர்கள் சொன்னார்களாம். தினமும் நான்தான் கொண்டு போகிறேன். நிமிர்ந்துதான் நிற்கிறேன். ஆனால் மருந்து விழுந்து நிறம் தெரியும்வரை, குழாயிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.