முனியப்பன் வாய்ச் சுருட்டு

நல்ல சுருட்டுக்கு நாக்குப் பழகிவிட்டால் அப்புறம் அந்த மனிதன் தேறுவது கஷ்டம். துடியலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த மயில்சாமியை அப்படிக் கெடுத்துவிட்டுப் போனவன் ஒரு ஜெர்மன்காரன். மெஷின் பார்க்க வந்தவன், உதிரி பாகமெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்த நன்றிக்கு ஒரு சிகாரை நீட்டினான். அவன் பாட்டுக்கு விமானம் ஏறிப் போய்விட்டான். இங்கே மயில்சாமிக்கு இத்தனை வருஷம் இழுத்த ஊர்ச் சுருட்டு மறுநாளே வைக்கோலாகிப் போனது.

ஆசைக்கு அளவில்லை, சம்பளத்துக்கு இருந்தது. ஆனாலும் மயில்சாமி கெட்டிக்காரர், அதை இல்லை என்று சொன்னால் நம் நாக்குதான் அழுகும். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கடையில் மேல் இலை கிழிந்த சிகாரை விலை குறைத்துத் தருவார்கள். மாதத்துக்கு அப்படி ஒன்று. அதை பிளேடால் குறுக்கே அறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி, இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி. மற்ற நாளுக்கு ஊர்ச் சுருட்டுதான், அதிலும் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீரில் ஊறிய கூரை ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு, நல்ல சிகாரையும் ஊர்ச் சுருட்டையும் ஒட்டிப் படுக்கவைத்து மூடிவிடுவார். அந்த ஈரத்தில் நல்லதின் வாசம் மற்றதில் ஏறிக்கொள்ளும்.

"பூவோட சேந்த நாரும் மணக்குமுங்க" என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இந்த அளவோடு அவர் நின்றிருந்தால் அவரைப் பற்றிப் பேச நமக்கு என்ன வேலை இருக்கிறது?

அவருக்கு ஒரே மகள், இனியா. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சென்னிமலைக்காரப் பையன் எழிலை விரும்பினாள். அவன் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன்; குடி கிடையாது, ஒழுங்காக அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவன். ஆனால் இனியாவின் அம்மா செவ்வந்திக்கு அந்தியூரில் அண்ணன் மகன் கதிரேசன் இருந்தான். மாட்டு வியாபாரம், இனியாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு, சாயங்காலமானால் தள்ளாடுவான். இருந்தாலும் அண்ணன் மகனாயிற்றே. வீட்டில் சோறு வேகாத குறையாகச் சண்டை நடந்தது. கடைசியில் செவ்வந்திதான் ஒரு படி இறங்கினாள்.

"முனியப்பசாமி வாயில சுருட்டு வெப்போம். சாமி குடிச்சு முடிச்சுதுன்னா உன்ற இஷ்டம். நடுவுல அணைஞ்சுபோச்சுன்னா கதிரேசந்தான். அப்பறம் ஒரு பேச்சுப் பேசப்படாது, அம்மணி."

"செரிங்மா" என்றாள் இனியா. அவளுக்கு அதில் பயமே இல்லை. அவர்கள் குடும்பத்தில் சாமி ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தியூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது அவர்கள் குலசாமி. ஆளைவிடப் பெரிய சிலை, உதட்டின் நடுவில் ஒரு துளை. கல்யாணம் பேசினால் பெண் வீட்டுக்காரர்கள் சுருட்டுக் கொண்டுபோவார்கள். பூசாரி விளக்கில் காட்டிப் பற்றவைத்து அந்தத் துளையில் செருகுவார். அப்புறம் யாரும் தொடக்கூடாது, ஊதக்கூடாது. அடிவாரக் காற்றில் தானாகக் கனன்று உதடுவரை வந்துவிட்டால் சாமி சம்மதம். செவ்வந்திக்கும் மயில்சாமிக்கும் சம்பந்தம் பேசியபோது உதடு கருகுமளவுக்கு எரிந்ததாம். அதை வைத்தே செவ்வந்தி அந்தச் சாமியின் வாக்கைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எழில் விஷயம் தெரிந்ததும் சாமிக்கென்று ஒரு சிகாரை ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பினான். பளபளவென்று உலோகக் குழாய், திருகு மூடி. இனியா அதைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள்.

"நீங்கதான் இதுல கில்லாடி ஆச்சே. நல்லதுங்களாப்பா?"

மயில்சாமி மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனார். கடை வாசலில் நின்று கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்ததோடு சரி, இந்த ஜாதி சிகாரை அவர் தொட்டதுகூடக் கிடையாது. கோகோவும் தேவதாரும் கலந்த வாசம் நெஞ்சுவரை இறங்கியது. மறுபடியும் ஒரு தடவை முகர்ந்தார்.

"நல்லது கண்ணு" என்றார்.

இனியா சிரித்துக்கொண்டே குழாயை அவர் கையிலிருந்து வாங்கி மூடினாள். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுங். சாமிக்கு. கல்யாணத்துக்கு வாரப்ப உங்களுக்கு ஒரு பெட்டியே வாங்கியாரச் சொல்றேன்."

ஒரு பெட்டி. கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும், ஆயுசுக்கும் மருமகன் வாங்கிக் கொடுத்திருப்பான். ஆனால் வாயில் ஊறிய எச்சிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?

கோயிலுக்குக் கிளம்பிய காலையில் பூஜைத் தட்டை எடுத்துவைக்கும் வேலை மயில்சாமியிடம் வந்தது. தேங்காய், பழம், கற்பூரம், நடுவில் அந்தக் குழாய். செவ்வந்தி சேலை மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மயில்சாமி மூடியைத் திருகினார், சிகாரை உருவினார், டப்பாவிலிருந்த ஊர்ச் சுருட்டு ஒன்றைக் குழாயில் போட்டு மூடினார். மனசாட்சி கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. வெளிநாட்டு சிகார் ஆள் இழுக்க இழுக்கத்தான் எரியும், விட்டால் அணைந்துபோகும். ஊர்ச் சுருட்டுதான் நின்று எரியும். ஆகவே இது பிள்ளையின் நன்மைக்கே. களவாணிக்குக்கூட இவ்வளவு நல்ல நியாயம் கிடைக்காது, போங்கள்.

கோயிலுக்கு எழிலின் அம்மா பழனாத்தாள் சென்னிமலையிலிருந்து வந்திருந்தாள். புருஷனை இழந்து, தறியில் போர்வை நெய்து ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவள். மகனுக்குக் காட்டவேண்டும் என்று போனைத் தூக்கி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தாள். பூசாரி குழாயைக் கவிழ்த்தார். வெளிநாட்டு சிகார் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? இனியா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சுருட்டு பற்றவே நேரமானது. பூசாரி திரும்பத் திரும்ப விளக்கில் காட்டிச் செருகினார். புகை வந்தது. முதலில் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் நுனியில் சாம்பல் கறுத்தது, புகை நூலாக இளைத்தது, நின்றுபோனது. கால்வாசிகூட எரியவில்லை.

மயில்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டுத் துண்டு. வாசம் ஏற வேண்டும் என்று இத்தனை நாளாக ஈரத்தில் ஊறப்போட்டிருந்த சுருட்டு அது. கடையில் வாங்கிய சுருட்டை அப்படியே வைத்திருந்தால் மடமடவென்று எரிந்திருக்கும்.

"சாமிக்கு ஒப்பலைங்க" என்றார் பூசாரி.

நான் மாற்றிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பூசாரி திட்டியிருப்பார், செவ்வந்தி காறித் துப்பியிருப்பாள், நல்ல சிகாரை வைத்துத் திரும்பக் கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான். மயில்சாமி தட்டிலிருந்த தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழனாத்தாள் போனை மடியில் செருகினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு இருக்கறது ஒத்தைப் புள்ளைங்க. சாமி வேண்டாம்னு சொன்ன பொண்ணைக் கட்டி அவனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? மன்னிச்சுக்கோங்க" என்று கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். இனியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காரில் திரும்பும்போது செவ்வந்தி அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மயில்சாமி மொட்டைமாடிக்குப் போனார். அந்தச் சிகாரைத் தூர எறிந்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போனாராம். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். எறிந்தால் மட்டும் நடந்தது மாறிவிடுமா என்று யோசித்தார். பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே கண் தானாக மூடிக்கொண்டது. புகை நாக்கில் பாலாடை போலப் படிந்தது. முதலில் மிளகு, பிறகு வறுத்த காப்பிக்கொட்டை, அடியில் எங்கோ ஒரு தித்திப்பு. பிளேடை அவர் எடுக்கவே இல்லை. கீழே மகள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். மேலே அப்பன் விரல் சுடுகிறவரை குடித்து முடித்தார்.

இனியா படியேறி வந்தபோது துண்டுகூட மிச்சமில்லை. வாசம் மட்டும் நின்றிருந்தது. அவள் கையில் போன் இருந்தது.

"எழில் இன்னிக்குத்தான் அந்த வீடியோவப் பாத்தாருங்ப்பா. சாமி வாயில இருக்கறது தான் குடுத்தனுப்புனது இல்லைங்கறாரு. அவரு குடுத்தது தடியா, செவப்புக் காகிதம் சுத்தி இருக்குமாம்."

இனியா கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்தில் வந்து தண்ணீர்த் தொட்டி மேல் கை வைத்து நின்றாள்.

"அவங்கம்மாகிட்டச் சொல்லிப் பாத்தாராம். பொண்ணு வேணும்னு நீயாக் கதை கட்டறே, பொண்ணோட அப்பன் வாயில வரட்டும்னுட்டாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்ப்பா. அம்மாகிட்டயும் அவங்ககிட்டயும். நான் உங்களை ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

"சொல்லிப்போடறேன் கண்ணு" என்றார் மயில்சாமி. அந்த நிமிஷம் நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தார். மகள் தலையை ஒரு தடவை தடவிக்கூடக் கொடுத்தார்.

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் செவ்வந்திக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு. நாளைக்கு, நாளைக்கு என்று வாரம் ஓடியது. அதற்குள் செவ்வந்தியின் அண்ணன் பூவும் பழமுமாக வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு மயில்சாமியைக் கண்டால் எப்போதும் இளப்பம். 'எங்க மாப்ள சம்பாதிச்சதெல்லாம் புகையாப் போச்சுங்க' என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறவர்.

செவ்வந்தி பூவை எடுக்கக் கை நீட்டினாள். இனியா எழுந்து நின்றாள்.

"அது எழில் குடுத்த சுருட்டே இல்லைங்மா. அப்பா மாத்திப்போட்டாரு. கேளுங்க."

செவ்வந்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, சாமி சொத்துலயா கை வெச்சீங்க?"

மயில்சாமி மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் இன்னும் நம்பிக்கை இருந்தது. மச்சானைப் பார்த்தார். மச்சானின் உதட்டோரம் சிரிப்பு புறப்படத் தயாராக இருந்தது. நாளைக்கு அந்தியூர்ச் சந்தை முழுக்க, முனியப்பன் வாய்ச் சுருட்டைத் திருடிய மாப்பிள்ளை என்று பேச்சாகும். கம்பெனிவரை வரும்.

"இல்லை" என்றார்.

"சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள் செவ்வந்தி. அவளே வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். மயில்சாமியின் கை நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளங்கையால் ஒரே அடி. அணைந்துபோனது.

செவ்வந்தி திரும்பி மகள் கன்னத்தில் அறைந்தாள். "பெத்த அப்பன் மேலயே களவுப் பழி போடற அளவுக்கு அந்தப் பையன் உன்னையக் கெடுத்து வெச்சிருக்கறான் பாரு." இனியா கன்னத்தைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்தபடியே நின்றாள். மயில்சாமி எழுந்து, மச்சானுக்குக் காப்பி கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

சத்தியம் செய்த சேதி சென்னிமலைக்கும் போனது. பழனாத்தாள் பூச்சிமருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மகனிடம் போனில் அழுதாளாம். எழில் கொஞ்ச நாள் பேசினான், அப்புறம் குறைத்தான், அப்புறம் அவன் நம்பர் மாறிப்போனது. இனியா வேலைக்குப் போனாள், வந்தாள், யார் எது கேட்டாலும் செரி என்றாள். கதிரேசனுக்குக் கட்டிவைக்கிறோம் என்றதற்கும் அதையேதான் சொன்னாள். மயில்சாமிக்கு நிம்மதியாக இருந்தது. பெண் தேறிவிட்டாள் என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னார்.

கல்யாணம் அந்தியூர் மண்டபத்தில். மாப்பிள்ளை முந்தின நாள் ஏற்றியது இன்னும் இறங்காத கண்ணோடு தாலியைக் கட்டினான். பிறகு பெரியவர்கள் காலில் விழும் சடங்கு. செவ்வந்தி அட்சதையைப் புருஷன் கையில் திணித்தாள். கதிரேசன் விழுந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தான். இனியா குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். நிமிரும்போது அவர் காதருகே முகத்தைக் கொண்டுவந்தாள். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"அந்தச் சுருட்டு நல்லா இருந்துச்சுங்களாப்பா?"

அவள் குரலில் கோபமில்லை. லேபில் ஊசி குத்துமுன் வலிக்குமா என்று கேட்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். மயில்சாமி இல்லை என்று சொல்லப் பார்த்தார். கற்பூரத்தை அணைத்துச் சொன்ன பொய், இப்போது வாய்க்கு வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன வாய்க்கு அன்றைக்குத்தான் உண்மை வந்தது.

"இருந்துச்சு கண்ணு" என்றார்.

"செரிங்" என்றாள் இனியா. அப்புறம் நகர்ந்து, மாமனார் காலில் விழுந்தாள்.